அவுக பேசுற வேகம்

எங்கள் வீட்டில் கேசட்டின் ஒரு பக்கத்துக்கு வீட்டுப் பக்கம் என்று பெயர். இன்னொரு பக்கம் அம்மா பக்கம். அது அப்பா வைத்த ஏற்பாடு. அவர் வளைகுடாவில் கட்டட வேலையில் இருந்தார். கடிதம் எழுதச் சொன்னால் 'நலம், நலமறிய ஆவல்' என்பதற்கு மேல் அவருக்குக் கை ஓடாது. பேசச் சொன்னால் அரியக்குடித் தேர் நிலைக்கு வந்து சேரும் வரைக்கும் பேசுவார். அதனால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, விடுப்பில் ஊருக்கு வரும் யார் கையிலாவது ஓர் அறுபது நிமிடக் கேசட்டைக் கொடுத்தனுப்புவார். வீட்டுப் பக்கத்தை நானும் அம்மாவும், எங்களோடு தங்கியிருந்த மாமாவும் சுற்றி உட்கார்ந்து கேட்போம். அது முடிந்ததும் அம்மா டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அரை மணி நேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வெளியே வருவாள். உள்ளே அப்பா என்ன பேசினார் என்று நான் ஒருமுறை கேட்டதற்கு, உன்னைச் சேட்டை பண்ண வேண்டாமென்று சொன்னார் என்றாள். அதைச் சொல்ல அரை மணி நேரமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

வந்த கேசட்டே திரும்பிப் போக வேண்டும் என்பது இன்னொரு ஏற்பாடு. அப்பா பேசியதன் மேலேயே நாங்கள் பேசி அனுப்புவோம். நாங்கள் பேசியதன் மேல் அவர் பேசி அனுப்புவார். காரைக்குடியின் செக்காலைப் பகுதியில் எங்கள் தெருவில் வெளிநாட்டில் ஆள் இருந்த வீடுகளிலெல்லாம் இதுதான் வழக்கம். பழைய பேச்சு அழிகிறதே என்று யாரும் வருத்தப்பட்டதில்லை. அடுத்த பேச்சுதான் வரப்போகிறதே. ஒருமுறை நாங்கள் சீக்கிரம் பேசி முடித்து நிறுத்திவிட்டதால், எங்கள் பேச்சு முடிந்த இடத்தில் அப்பாவின் பழைய பேச்சே அப்பாவுக்குக் கேட்டிருக்கிறது. அதிலிருந்து ஒவ்வொரு கேசட்டிலும் கடைசியாக ஒரு கட்டளை இருக்கும். பேசி முடித்தாலும் நாடாவைக் கடைசி வரைக்கும் ஓடவிடுங்கள், வெறும் சத்தமாக இருந்தாலும் பரவாயில்லை, வீட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொள்கிறேன் என்பார். அந்த ஓடவிடும் பொறுப்பு என்னுடையது. சிவப்புப் பொத்தான் தானாக எழும்பும் வரை பக்கத்திலேயே காவல் இருப்பேன்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது அப்பா இறந்துபோனார். வேலை நடந்த இடத்தில் சாரம் சரிந்தது என்றார்கள். நாற்பது நாள் கழித்துப் பெட்டி வந்தது. திறக்கக் கூடாது என்று எழுதி ஒட்டியே அனுப்பியிருந்தார்கள். பெட்டியின் பக்கவாட்டில் தங்க நிறத்தில் கைப்பிடிகள் இருந்தன. அம்மா முகத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். பெரியவர்கள் வேண்டாம் என்றார்கள். கோயிலில் பூசை வைத்து, கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். எல்லோரும் அழுததால் நானும் அழுதேன். ஆனால் திறக்காத பெட்டிக்குள் அப்பாதான் இருந்தார் என்பதை நான் பாதிதான் நம்பினேன்.

அடக்கம் முடிந்து இரண்டு வாரத்தில் திருப்பத்தூர்க்காரர் ஒருவர் வந்தார். அப்பாவோடு ஒரே அறையில் தங்கி வேலை பார்த்தவர். வாசலில் வெகு நேரம் நின்றுவிட்டு, அம்மா கூப்பிட்ட பிறகுதான் உள்ளே வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்து வைத்தார். அப்பா இறப்பதற்கு நான்கு நாள் முன்பு பேசிக் கொடுத்தது. அவருடைய விடுப்பு தள்ளிப்போனதால் பெட்டி முந்திக்கொண்டது. கொடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் இரண்டு நாளாகப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தாராம்.

வீட்டுப் பக்கத்தில் அப்பா வழக்கம்போலவே பேசினார். எல்லாரும் நல்லா இருக்கீகளா என்று ஆரம்பித்து, மாமாவுக்குக் கம்ப்யூட்டர் வேலை எப்படிப் போகிறது என்று விசாரித்து, எனக்கு வாங்கி வைத்திருக்கும் பென்சில் பெட்டியில் எத்தனை அறைகள் என்று விவரித்து, நாடாவைக் கடைசி வரைக்கும் ஓடவிடச் சொல்லி முடித்தார். மாமா எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். அம்மா டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போனாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பூசை முடிந்து வந்ததும் அம்மா கதவைச் சாத்திக்கொண்டு தன் பக்கத்தைக் கேட்டாள். ஒரு ஞாயிறன்று உள்ளே அப்பாவின் குரல் குழறி நின்றது. அம்மா வெளியே ஓடிவந்தாள். டேப் ரெக்கார்டர் நாடாவை இழுத்துக் கடித்திருந்தது. மாமா ஒரு மணி நேரம் மூச்சுப் பிடித்து உட்கார்ந்து, நாடாவைப் பிரித்தெடுத்துச் சுருக்கம் நீவிச் சுற்றினார். ஒன்றும் அறுபடவில்லை. அவர் சுற்றி முடிக்கும் வரை அம்மா அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கல்லுக்கட்டிப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். அங்கே அப்போதுதான் ஒரு சிடி ரைட்டர் வாங்கியிருந்தார்கள். காரைக்குடிக்கே அதுதான் முதல் ரைட்டர் என்று மாமா சொல்லித் திரிந்தார். மறுத்துச் சொல்ல எங்களில் யாருக்கும் விவரம் போதாது. கேசட் தேயும், கடிபடும், பூஞ்சை பிடிக்கும். சிடியில் ஏற்றிவிட்டால் எதுவும் மேலே படாது, உரசலும் கிடையாது, நூறு வருஷம் நிற்கும் என்றார். அம்மா அவர் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒரே ஒரு சந்தேகம் கேட்டாள்.

"ஏத்துறப்ப சத்தம் வெளிய கேக்குமா தம்பி?"

மாமாவுக்கு உடனே புரிந்துவிட்டது. வீட்டுப் பக்கத்துக்கு ஸ்பீக்கரைப் போட்டுக்கொள்ளலாம், மற்றதற்கு அணைத்துவிடலாம், யார் காதிலும் விழாது என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்த கையோடு சென்டருக்குப் போனோம். முதலாளி விடுமுறை நாளில் சாவி கொடுத்திருந்தார். செருப்பை வாசலிலேயே விட வேண்டும்; உள்ளே ஏசி போட்ட அறை, கோயிலுக்குள் நுழைவது போலத்தான் நுழைந்தோம். மாமா எங்கள் டேப் ரெக்கார்டரிலிருந்து ஒரு கம்பியைக் கம்ப்யூட்டரின் முதுகில் செருகினார். முதலில் கம்ப்யூட்டருக்குள் ஏற்ற வேண்டும், அப்புறம்தான் சிடியில் எழுத வேண்டும். ஏற்றுவதற்குக் குறுக்குவழி கிடையாது, ஒரு மணி நேரப் பேச்சு ஏற ஒரு மணி நேரம் ஆகும்.

அப்பா பேசப் பேச, திரையில் பச்சை நிறத்தில் அலை எழும்பிக்கொண்டே போனது. அவர் குரல் உயர்ந்தால் அலையும் உயர்ந்தது. பென்சில் பெட்டி வந்த இடத்தில் பெரிய பெரிய அலைகளாக வந்ததைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வீட்டுப் பக்கம் முடிந்ததும் மாமா கேசட்டைத் திருப்பிப் போட்டார். ஸ்பீக்கரை அணைத்தார். அது போதாதென்று நாற்காலியையும் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு ஒரு பழைய கையேட்டைப் படிக்க ஆரம்பித்தார்.

அம்மா பக்கம் சத்தமே இல்லாமல் ஓடியது. அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அலைகள் சின்னதாக வந்தன. அப்பா மெதுவாகப் பேசியிருக்க வேண்டும். ஓர் இடத்தில் அம்மா லேசாகச் சிரித்தாள். எதற்குச் சிரிக்கிறாள் என்று திரையைப் பார்த்தால் அங்கே பச்சைக் கோடுகள்தான் இருந்தன. பிறகு ஓர் இடத்தில் அலை படுத்துத் தட்டையாக வெகு நேரம் ஓடியது. நான் பயந்துபோய், நின்றுவிட்டதா என்று கேட்டேன்.

"நிக்கல," என்றாள் அம்மா. "யோசிக்கிறாக."

கொஞ்ச நேரத்தில் அலை மறுபடியும் எழும்பியது.

ஏற்றி முடித்தபோது மணி பதினொன்றரையை நெருங்கிவிட்டது. இனிமேல் எழுத வேண்டும். மாமா மேசையிலிருந்து இரண்டு சிடிகளை எடுத்துக் காட்டினார். ஒன்றின் அடிப்பக்கம் தங்க நிறம். சென்னையிலிருந்து வரவழைத்தது, முதலாளி முக்கியமான வேலைக்கென்று ஒதுக்கி வைத்திருந்ததில் ஒன்று. நின்று நிதானமாக எழுதினால் காலத்துக்கும் அழியாது, வேகம் மட்டும் ஆகாது. இன்னொன்று நீலம். உறை இல்லாமல் அடுக்கடுக்காக வந்தது. ஆனால் நாலு மடங்கு வேகத்தைத் தாங்கும் என்று அதன் மேலேயே அச்சடித்திருந்தது. ரைட்டருக்கு மூன்று வேகம் உண்டு என்று மாமா அம்மாவுக்கு விளக்கினார். ஒன் எக்ஸ் என்றால் அத்தான் பேசின வேகம், ஒரு மணி நேரம் பேசியிருந்தால் எழுதவும் ஒரு மணி நேரம். டூ எக்ஸ் என்றால் பாதி நேரம். ஃபோர் எக்ஸ் என்றால் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். எழுதிக்கொண்டிருக்கும்போது நடுவில் எது தடங்கினாலும் சிடி பாழ். அதனால் மவுஸைத் தொடக் கூடாது, மேசையை ஆட்டக் கூடாது, டெலிபோன் மணி அடித்தால் எடுக்கக் கூடாது. டெலிபோனுக்கும் சிடிக்கும் என்ன சம்பந்தம் என்பது மாமாவுக்கே தெரியாது என்று நினைக்கிறேன்.

அம்மா யோசிக்கவே இல்லை. தங்க நிறத்தைக் காட்டினாள்.

"அவுக பேசுற வேகத்துலேயே போடு தம்பி. எனக்கென்ன அவசரம்."

அவசரம் எனக்கு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்குத் தொலைக்காட்சியில் நான் பார்க்கும் தொடர் ஒன்று உண்டு. போன வாரம் கதாநாயகனைப் பாழுங்கிணற்றில் தள்ளிவிட்ட இடத்தில் நிறுத்தியிருந்தார்கள். அவன் மேலே ஏறினானா இல்லையா என்பது எனக்கு அன்றைக்குத் தெரிந்தாக வேண்டும். ஒன் எக்ஸ் என்றால் பன்னிரண்டரை தாண்டிவிடும். கால் மணி நேரம் என்றால் ஓடிப் போய்ப் பிடித்துவிடலாம். இதை அப்படியே சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அதனால் நீலம்தான் அழகாக இருக்கிறது, மாதா உடுத்தியிருக்கும் நீலம், அதில்தான் போட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். தங்கம் எனக்குப் பிடிக்கவில்லை என்றதும் பொய்யில்லை. அதைப் பார்த்தால் பெட்டியின் கைப்பிடி ஞாபகம் வந்தது. அதையும் சொல்லிவிட்டேன்.

மாமா என்னைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார். அப்பா போனதிலிருந்து நான் எதைக் கேட்டாலும் அவருக்கு இல்லையென்று சொல்ல வாய் வராது. தங்க நிறச் சிடியை அம்மாவே எடுத்து ஓரமாக வைத்தாள்.

"பிள்ள ஆசப்படுது. அதுலயே போடு."

"மருமகளே, வேகத்தையும் நீயே அமுக்கு," என்றார் மாமா. நான் மவுஸைப் பிடித்து ஃபோர் எக்ஸில் வைத்து அழுத்தினேன். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி மாளாது. கால் மணி நேரம் மூன்று பேரும் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தோம். ரைட்டரின் பச்சை விளக்கு சிமிட்டியது. சிடி வெளியே வந்ததும் மாமா அதைக் கம்ப்யூட்டரிலேயே போட்டு வீட்டுப் பக்கத்தைக் கொஞ்சம் ஓடவிட்டார். அப்பா, எல்லாரும் நல்லா இருக்கீகளா என்றார். கேசட்டில் இருந்த இரைச்சல்கூட இல்லை. இரண்டாவதையும் போட்டுப் பார்த்துவிடவா என்று மாமா தயங்கித் தயங்கிக் கேட்டார். வேண்டாம், அதை நான் கேட்டுக்கொள்கிறேன் என்றாள் அம்மா. திங்கட்கிழமை பாடத்துக்கு இடம் வேண்டும் என்பதால் கம்ப்யூட்டரில் ஏற்றியதை மாமா அங்கேயே அழித்தார். நான் வீட்டுக்கு ஓடினேன். கிணற்றில் விழுந்தவன் ஏறிவிட்டான்.

சிடியை அம்மா அப்பாவின் படத்துக்குக் கீழே வைத்தாள். கேட்பதற்குத்தான் வழியில்லை, எங்கள் வீட்டில் சிடி ஓடும் கருவி கிடையாது. மாமாவுக்கு இது அதுவரை தோன்றவே இல்லை. பழையதாக ஒன்று எங்கேயாவது கிடைக்கும், ஒரு மாதம் பொறுங்கள் என்றார். அதுவரை கேசட்டையும் ஓட்ட வேண்டாம், இன்னொரு தடவை கடித்தால் தாங்காது என்று சொல்லி, பிஸ்கட் டின்னில் போட்டுப் பீரோவுக்கு மேல் ஏற்றினார். ஆக, அப்பா இரண்டு இடத்தில் பத்திரமாக இருந்தார், எங்களால்தான் கேட்க முடியவில்லை.

அந்த மாதத்தில் திருப்பத்தூர்க்காரர் மறுபடியும் வந்தார். விடுப்பு முடிந்து கிளம்பப்போகிறேன், சொல்லிக்கொண்டு போக வந்தேன் என்றார். அதே கம்பெனி, அதே அறை. எனக்கு அது மனதில் உட்கார்ந்துகொண்டது. அப்பா கேசட் அனுப்பி இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. நாங்கள் இன்னும் பதில் பேசவில்லை. போகிற ஆளும் இருக்கிறார். அப்பா பேசியதெல்லாம் சிடியில் ஏறிவிட்டது, இனிமேல் கேசட் சும்மாதானே இருக்கிறது. வந்த கேசட் திரும்பிப் போக வேண்டும்.

அப்பா இல்லை என்று எனக்குத் தெரியாதா என்று கேட்டால், தெரியும். பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டால் இறந்துவிட்டார் என்றுதான் சொல்வேன். ஆனால் பெட்டியைத் திறக்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். இரண்டும் ஒரே மனதுக்குள் சண்டை போடாமல் இருந்தன.

அம்மா அருகிலிருந்த ஒரு பள்ளியில் ஆசிரியை. ஒரு சனிக்கிழமை அவளுக்குப் பள்ளி இருந்தது, எனக்கு இல்லை. நாற்காலி போட்டு ஏறி டின்னை எடுத்தேன். எந்தப் பக்கத்தில் பேசுவது என்று யோசித்தேன். வீட்டுப் பக்கத்தில் பென்சில் பெட்டி இருந்தது, அதை அழிக்க மனம் வரவில்லை. அம்மா பக்கத்தை நான் கேட்டதே இல்லை. கேட்காத ஒன்றை அழிப்பது எனக்கு அழிப்பதாகவே தோன்றவில்லை.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கணக்கில் எடுத்த மதிப்பெண், மாமாவின் சிடி ரைட்டர், நான்தான் வேகத்தை அமுக்கினேன் என்பது, அம்மா இப்போதெல்லாம் சரியாகச் சாப்பிடுவதில்லை என்பது. பெட்டியை யாரும் திறந்து பார்க்கவே இல்லை என்று சொன்னேன். பென்சில் பெட்டியைத் திருப்பத்தூர் மாமாவிடம் கொடுத்துவிடச் சொன்னேன். பத்து நிமிடத்துக்கு மேல் எனக்குப் பேச ஒன்றும் இல்லை. ஆனால் நிறுத்தவில்லை. அப்பா சொன்னபடி கடைசி வரைக்கும் ஓடவிட்டேன். சிடி எழுதும்போது மாமா சொல்லிக்கொடுத்த மாதிரி, டேப் ரெக்கார்டர் பக்கத்தில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். குழாயடியில் தண்ணீர் பிடித்தார்கள், தெருவில் உப்பு விற்றுக்கொண்டு போனார்கள், கோயில் மணி அடித்தது. எல்லாம் அப்பாவுக்குப் போகட்டும் என்று இருந்தேன். பொத்தான் எழும்பிய பிறகுதான் எழுந்தேன்.

அம்மா வந்ததும் கேசட்டைக் கையில் கொடுத்து, திருப்பத்தூர் மாமாவிடம் கொடுத்தனுப்பச் சொன்னேன். அப்பாவுக்குப் பேசியிருக்கிறேன் என்றேன். அவள் தோளில் மாட்டியிருந்த பையைக்கூட இறக்கவில்லை.

"எந்தப் பக்கம் பேசுன?"

"உங்க பக்கம்மா."

"கடைசி வரைக்கும் ஓட விட்டியா?"

"ஆமாம்மா. அப்பா சொன்ன மாதிரியே."

அவள் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்தாள். அடிப்பாளோ என்று நினைத்தேன். அவள் கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அப்பாவின் படத்துக்குக் கீழே இருந்த சிடியைப் பார்த்தாள். சிடிதான் இருக்கே என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டது எனக்குக் கேட்டது. என் தலையைத் தடவி, கொடுத்தனுப்பிவிடுகிறேன் என்றாள். மாமாவிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஒரு மாதம் என்று சொன்ன மாமா ஆறு வாரத்தில் மதுரையிலிருந்து ஒரு பழைய சிடி பிளேயரைக் கொண்டுவந்தார். எல்லோரும் சேர்ந்து வீட்டுப் பக்கத்தைக் கேட்டோம். அப்பா பக்கத்து அறையில் இருப்பது போலத் தெளிவாகப் பேசினார். மாமா எங்கள் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போனார். இரண்டாவதுக்கு இந்தப் பொத்தானை இன்னொரு முறை அமுக்குங்கள் என்று அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தார். அம்மா பிளேயரைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். பெட்டி வந்த நாளிலிருந்து அவ்வளவு வேகமாக அவள் நடந்து நான் பார்த்ததில்லை.

அரை மணி நேரம் ஆயிற்று. அவள் முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள். மாமா எழுந்து நின்றார். நாலு மடங்கு வேகத்தில் போட்டது அவர் மனதை அரித்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும்.

"எங்கயாச்சும் விட்டுப்போகுதாக்கா? அப்படி இருந்தாச் சொல்லுங்க. கேசட்டுதான் இருக்கே, மறுபடி மெதுவா ஏத்திப்புடுவோம்."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன்.

"நல்லா கேக்குது தம்பி," என்றாள். "அவுக பேசுற வேகத்துலேயே இருக்கு."

மாமா நிம்மதியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் அமுக்கியது, நான் அமுக்கியது என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன்.

அதற்குப் பிறகு வருஷக்கணக்கில், ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து வந்ததும் அம்மா பிளேயரோடு கதவைச் சாத்திக்கொள்வாள். சத்தத்தைக் குறைத்துத்தான் வைப்பாள். ஒரு தடவை கதவில் காதை வைத்துப் பார்த்தேன். டிக் டிக் என்று ஒரு சத்தம், நடுநடுவே ஏதோ உரசுவது போல. என்ன சத்தம் என்று பிறகு கேட்டதற்கு, அங்கே மிஷின் ஓடிக்கொண்டிருக்கிறது, அதற்கு நடுவில்தான் அப்பா பேசுகிறார் என்றாள். நானும் அப்பாவை நினைத்துக் கஷ்டப்பட்டேன், பாவம், அவ்வளவு இரைச்சலில் நின்று பேசியிருக்கிறாரே என்று. அரை மணி நேரத்துக்கு ஒரு நிமிடம் முந்தியோ பிந்தியோ அவள் வெளியே வந்ததில்லை. பிளேயர் பழுதாகி, அதைச் சரி செய்ய ஊரில் ஆள் இல்லாமல் போகும் வரை அது நடந்தது.

போன வருஷம் அம்மா இறந்துபோனாள். பீரோவைக் காலி செய்தபோது அந்தப் பிஸ்கட் டின் கிடைத்தது. உள்ளே நீலச் சிடி இருந்தது. அதோடு கேசட்டும் இருந்தது. அவள் யாரிடமும் கொடுத்தனுப்பவில்லை. அதன் அம்மா பக்கத்தில், கரும்பலகையில் எழுதுவது போன்ற அவளுடைய உருண்டை எழுத்தில், 'பிள்ளை பேசியது' என்று ஒரு சீட்டு ஒட்டியிருந்தாள்.

சிடியை என் கணினியில் போட்டேன். கேட்கலாமா என்று வெகு நேரம் யோசித்துவிட்டு இரண்டாவதை ஓடவிட்டேன். அப்பாவின் குரல், நான் அதுவரை கேட்டிராத அளவுக்கு மெதுவாக, "கதவச் சாத்திட்டியா?" என்றது. அதற்குப் பிறகு இரண்டு வாக்கியம். அவை அம்மாவுடையவை, நான் எழுத மாட்டேன். மூன்றாவது வாக்கியத்தின் நடுவில் குரல் உடைந்தது. டிக் டிக் என்று ஒரு சத்தம், நடுநடுவே உரசல். ஓட்டி ஓட்டிப் பார்த்தேன். முடிவு வரைக்கும் அதுதான். காலத்தால் கெட்டுப்போயிருக்கலாம் என்று ஒரு நொடி ஆறுதல் தேடினேன். ஆனால் அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். பத்து வயதில் கதவில் காதை வைத்துக் கேட்ட அதே சத்தம் அது.

அவ்வளவு வருஷமும் அவள் உள்ளே உட்கார்ந்து கேட்டது அதைத்தான். எங்கே சிரித்தார், எங்கே நிறுத்தி யோசித்தார் என்று அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்கும். சத்தத்தை ஓடவிட்டு, அவர் பேசிய வேகத்திலேயே மனதுக்குள் சொல்லிப் பார்த்திருப்பாள். நாள் ஆக ஆக அதில் எத்தனை வாக்கியம் உதிர்ந்துபோயிருக்கும் என்று நினைக்கும்போது எனக்குத் தாங்கவில்லை. கெட்டுவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மாமா கேசட்டைக் கேட்டிருப்பார், நான் செய்தது வெளியே வந்திருக்கும்.

எனக்கு அப்போது அது எதுவும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை அந்த அரை மணி நேரமும் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருப்பேன். தெருப் பிள்ளைகள் விளையாடக் கூப்பிட்டால் வாயில் விரல் வைத்துக் காட்டுவேன். உள்ளே அம்மா அப்பாவைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள், அதற்கு வேகத்தை அமுக்கியது நான்தான் என்ற பெருமையோடு, யாரும் சத்தம் போட்டுவிடாமல் காவல் இருப்பேன்.